பழைய டிஸ்கில் விட்டுவந்த படங்கள்

மகள் கனடாவுக்குப் போகும்போது தன் லாப்டொப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் தனியாக இருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்க்க அதுதான் வழி. வன்னியில் சண்டை மும்முரமாக நடந்த காலம். ஒரு நாள் அது கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

காலி வீதியில் ஒரு மாடிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திருத்துகிறவர் கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை. வெளியாட்களோடு கதைப்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இந்தப் பெட்டியைப் பற்றி என்ன கேட்பது? நல்ல காலம், அவரே கதைத்தார்.

"ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்குது அன்ரி. புதுசு போடவேணும். எல்லாத்தையும் மாத்தி முடிக்க முதல் பழசு நிண்டாலும் நிண்டிடும். முக்கியமானது எது எண்டு சொல்லுங்கோ."

ஒவ்வொன்றாக வாசித்தார். சேர்ட்டிபிக்கட், பாட்டு, கலியாணப் படங்கள்.

"குக்கிங் எண்டும் ஒண்டு கிடக்கு. சமையல். எடுக்கிறதோ?"

"நாப்பது வருசமாச் சமைக்கிறன் தம்பி. இனி இந்தப் பெட்டியைப் பாத்தோ புளி கரைக்கிறது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளி ஆளைச் சிரிக்க வைத்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம், புளுகம்.

வேலை முடிந்ததும், "பழசை உடைக்கிறதுதானே?" என்று கேட்டார். அந்த நாட்களில் எங்கள் தமிழ்ச் சனம் பழைய டிஸ்கை வீட்டில் வைத்திருக்காது. பொலிஸ் செக்கிங் வந்தால் அதற்குள் இருப்பதை எல்லாம் யார் விளங்கப்படுத்துவது? கடையிலேயே சுத்தியலால் உடைப்பித்துவிட்டுத்தான் போவார்கள். நானும் "உடையுங்கோ" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கேட்கப் பயந்து படியிறங்கிவிட்டேன்.

பின்னேரம் மகள் கோல் எடுத்தாள்.

"அம்மா, சித்தியின்ர படங்கள் வந்ததோ?"

"எல்லாம் வந்தது பிள்ளை."

"குக்கிங் எண்டதுக்குள்ள பாருங்கோ. பொலிஸ் வந்தாலும் சமையலைத் திறந்து பாக்கமாட்டாங்கள் எண்டுதான் அந்தப் பேர் போட்டனான்."

நான் வேண்டாம் என்று விட்டுவந்தது அதைத்தான். சமாதான காலத்தில் மகள் கிளிநொச்சிக்குப் போய் என் தங்கையை எடுத்த படங்கள் அவை. வேறு ஒரு படமும் என்னிடம் இல்லை. வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டிய பிறகு தங்கை எந்த ஊரில் இருக்கிறாள், இருக்கிறாளா என்றே தெரியாது. "ஓம், பாக்கிறன்" என்று மகளுக்குப் பொய் சொன்னேன்.

விடிந்ததும் கடைக்குப் போனேன். இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை படியிலேயே நின்றேன்.

"என்ன அன்ரி, சமையல் மறந்துபோச்சோ?"

சிரிக்க முடியவில்லை. "அந்தப் பழசை உடைச்சிட்டீங்களோ தம்பி?"

"சொந்தக்காரர் நிண்டு பாக்காம நான் உடைக்கிறேல்ல. பிறகு எடுத்து வைச்சிட்டான் எண்டு கதை வரும். நீங்கள்தான் ஓடிட்டீங்களே."

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து காட்டினார். அப்படியே இருந்தது. "அது சமையல் இல்லைத் தம்பி. ஆக்களின்ர படங்கள்" என்றேன். எந்த ஆட்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. எழும்பிப் போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தார்.

டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. சூடேறினால் நின்றுவிடும் என்று மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு தரம் நின்றது. கழற்றி ஆறவிட்டுத் திரும்பவும் போட்டார். தனக்குச் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியும் காற்றாடியைத் தன் பக்கம் திருப்பவில்லை. மத்தியானமாகிவிட்டது. முதல் நாலு படமும் திறக்கவில்லை. நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தேன்.

ஐந்தாவது திறந்தது. கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். மேல்பாதியில் தங்கை. தலை சீவி இழுக்காமல், ஒரு கையை நீட்டி, படம் எடுக்காதே என்று ஏசுகிற மாதிரி நிற்கிறாள். ஆனால் சிரிக்கிறாள்.

அவர் திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனார். கண்ணாடியில் விரல் படக்கூடாது என்று மகள் சொல்லித் தந்தது நினைவிருந்தும், தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்து தேத்தண்ணியை வைத்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஆர் அன்ரி?"

அந்த வருடங்களில் வன்னியில் எனக்கு ஒரு சொந்தம் இருக்கிறது என்று கொழும்பில் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

"என்ர தங்கச்சி. கிளிநொச்சியில இருந்தவ."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அச்சு உங்கட முகம்தான்."

"இல்லைத் தம்பி," என்றேன். "அவள் என்னைவிட வடிவு."