ஒரு நீர்மூழ்கிக்கு வந்த கப்பல்கள்

எங்கள் அண்ணா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவுமலரில் கண்ணீரை எதிர்பார்க்கும் உறவினர்கள் மன்னிக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பருத்தித்துறையில் பிறந்த அண்ணா, போர் முற்றியபோது அகதியாக டென்மார்க் வந்தார். மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அண்ணியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தார். பிறகு காத்திருந்தார்.

அந்தக் கரையோரம் யூ-20 என்ற பழைய ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கிக் கிடக்கிறது. அதைப்பற்றிய நூல்களை வாசித்துத்தான் அண்ணா டேனிஷ் படித்தார். நாங்கள் இருக்கும் ரண்டர்ஸ் நகரிலிருந்து அவரிடம் போனால் சோறு ஆறும்வரை அந்தக் கதைதான். 1915இல் அது பயணிகள் கப்பலொன்றை மூழ்கடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு மூடுபனியில் இங்கே மணலில் ஏறிவிட்டது. அதை இழுத்தெடுக்க ஜெர்மனி பெரும் போர்க்கப்பல்களையே அனுப்பியது. இழுக்க முடியாமல் அதன் மாலுமிகளே வெடிவைத்துவிட்டுப் போனார்கள். காவலுக்கு வந்த பெருங்கப்பல்களில் இரண்டு பிரிட்டிஷ் நீர்மூழ்கியொன்றிடம் அடி வாங்கின.

“நீர்மூழ்கி அண்ணை” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஒருநாள் அவர் சிரிக்கவில்லை.

“கொலைகாரக் கப்பலுக்கு ஒரு படையே வந்தது. என்ரை பிள்ளைக்கு ஒரு கையெழுத்து இல்லை.”

தமிழ் அகதிகளின் குடும்பங்களுக்குச் சட்டப்படி கிடைக்கவேண்டிய அனுமதிகளை டேனிஷ் நீதியமைச்சரே வேண்டுமென்று நிறுத்திவைத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் அண்ணா தொழிற்சாலையிலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டார். அனுமதிக் கடிதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முந்தின நாள் அவர் பெயருக்கு வந்தது. கூப்பிட்டவர் இல்லை என்பதால் அண்ணியின் பயணமும் இல்லை என்றார்கள்.

அண்ணாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த டேனிஷ் வேலைத் தோழர்களுக்கும், சமைத்துத் தந்த ரண்டர்ஸ் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கும் ஒரு வரி போடச் சிலர் சொன்னார்கள். போடமாட்டேன்.

அண்ணி, முதல் பிரதி உங்களுக்குத்தான் வருகிறது. அவரைப்போலக் காத்திருந்த மற்றத் தமிழர்கள் பத்திரிகைகளுக்குப் போய் முறையிட்டபோது அண்ணாவும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். “சும்மா இருங்கோ அண்ணை. கந்தோர்காரர் கோபிச்சால் எங்கட பைலை அடியிலை போட்டிடுவினம்” என்று வாசலில் மறித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பயம் அது. அவர் சட்டையைக் கழற்றினார். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அப்போது வீட்டில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.