எடிமாவுக்கு யார் எழுதிய விளக்கம்?

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போகிற ஆள் நான். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் செத்த உடம்பைப் பார்த்துப் பயந்தால் பிழைப்பு நடக்குமா? ஆனாலும் இது நடந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.

தக்கலைப் பக்கம் எங்கள் கல்லூரி. 2012 வாக்கில் பாடங்களை இணையதளத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தோம். அதில் ஒரு ஃபில்டர் உண்டு. பாடத்தில் வரும் சொல்லுக்கு விளக்கம் எழுதி வைத்திருந்தால், அந்தச் சொல்லைத் தானாகவே நீல நிறமாக்கிவிடும். அழுத்தினால் விளக்கம் திறக்கும். விளக்கங்களை எழுதியவள் என்னுடன் வேலை பார்த்த சிநேகிதி ஸ்டெல்லா. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காக, நேரில் பேசுகிற மாதிரியே எழுதுவாள். வேலை பாதியில் இருக்கும்போதே, மே விடுமுறையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோய்விட்டாள்.

அந்த வருஷம் சேர்ந்தவள் ஜெனிபர், கடற்கரை ஊர்ப் பெண். இங்கிலீஷ் புரியவில்லை, படிப்பு வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். கூட்டிப்போக அப்பா வரும்வரை கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள், வெளியே நல்ல மழை. திடீரென்று என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், இப்பம் நல்லா மனசிலாச்சு! இது நீங்க எழுதினதுதானா?"

நான் முந்தின நாள் ஏற்றிய பாடம். 'எடிமா' என்ற சொல் நீலமாக இருந்தது. அழுத்தினேன்.

"மக்கா, சென்னைக்கு பஸ்ஸுல காலத் தொங்கப் போட்டு இருந்து போயி எறங்கினா செருப்பு இறுகுமில்லியா, அந்த வீக்கந்தான். விரலால அமுக்கிப் பாரு, குழி அப்படியே நிக்கும்."

பேச்சு ஸ்டெல்லாவுடையதேதான். ஆனால் அந்தப் பாடத்துக்கு வருமுன்பே அவள் போய்விட்டாளே!

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சுரேஷைக் கூப்பிட்டேன். "டீச்சர், அப்படி ஒரு விளக்கமே உள்ள இல்லியே. பிறகு ஃபில்டர் எதப் பிடிக்குது?" என்றவன், ஃபில்டரையே நிறுத்திப் பார்த்தான். மற்ற சொற்களெல்லாம் கறுப்பாயின, அது மட்டும் நீலமாகவே நின்றது. ஃபில்டரை மறுபடி போட்டுவிட்டுப் போனான்.

ஜெனிபர் அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "வேண்டாம்ப்பா, நான் படிக்கேன்." அதன்பிறகு புதுப் பாடம் ஏற்றும்போதெல்லாம் ஒன்றிரண்டு சொல் நீலமாகும். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் போய்விட்டது. காலையில் வந்ததும் இன்றைக்கு ஸ்டெல்லா என்ன சொல்லியிருக்கிறாள் என்று படித்துத் தனியாகச் சிரிப்பேன். ஜெனிபர் தேறி இப்போது மஸ்கட்டில் நர்ஸ்.

பிறகு கல்லூரி வேறு தளத்துக்கு மாறியது. பழைய விளக்கம் எதையும் கொண்டுபோகவில்லை. புதுத் தளத்தில் பாடத்தின் அடியில் ஆசிரியர் பெயர் வரும். எல்லோர் பெயரும் கறுப்பு. என் பெயர் மட்டும் நீலம்.

இன்றுவரை நான் அதை அழுத்தவில்லை.