விற்கப் போட்ட குங்குமச் சிமிழ்

கும்பகோணத்தில் மாமனாரின் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பீரோவில் தந்தத்தால் ஆன குங்குமச் சிமிழ் ஒன்று கிடைத்தது. அதைப் படம் எடுத்து, விற்பனைக்கு என்று என் கணவரின் செல்போனிலிருந்தே இணையத்தில் போட்டேன். ஆசிரியரான அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை வாங்குவதற்கென்று இருவர் வந்தார்கள். "அசல் தந்தம்தானாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"சந்தேகமே வேண்டாங்க. எங்க மாமனார் வீட்டுச் சொத்து" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் அடையாள அட்டையைக் காட்டினார். வனத்துறை அதிகாரிகள். "பரம்பரைச் சொத்தா இருந்தாலும் தந்தத்தை விக்கக் கூடாதும்மா. விளம்பரம் போட்டது யாரு?"

பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தாங்க" என்றார்.

நான் மறுக்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பன்னிரண்டு நாள் சிறையில் இருந்தார். ஓய்வுபெற ஏழு மாதமே இருந்த நிலையில் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஜாமீனில் வந்த பிறகும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவும் இல்லை.

இப்போது உறவினர் யார் பழைய வீட்டைக் காலி செய்தாலும் நானே போன் செய்கிறேன். தந்தமோ மான்கொம்போ கண்ணில் பட்டால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள் என்கிறேன். அன்று விளம்பரம் போட்டது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அவர் வழக்கை நடத்தும் வக்கீலிடமும் சொன்னேன்.