கொட்டாங்கச்சியில் நெல்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்து முடித்து, திருக்கடையூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாகவே வந்து சேர்ந்தேன். என் அம்மா கைகட்டி நின்ற வீட்டுப் பிள்ளைகளும் நான் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நின்றார்கள். அந்தப் பெருமை எனக்குப் போதவில்லை. புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று ஒன்பதாம் வகுப்பிடம் கேட்டேன்.

ஒருத்திதான் கொண்டுவந்தாள். அவள் அப்பா அறுவடைக் கூலி, தொழிலாளர் சங்கத்துக்காரர்.

"கடைமடையில உப்புத்தண்ணி ஏறினா நெல்லு கருகிடுது டீச்சர். எவ்ளோ உப்பு வரைக்கும் தாங்கும்?"

"எனக்கும் தெரியாது" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கொட்டாங்கச்சிகளில் சேறு நிரப்பி நெல் விதைத்து வகுப்பு ஜன்னலில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவு உப்பு கரைத்த தண்ணீர். எதில் எவ்வளவு என்று அடையாளம் வைக்க வேண்டுமே? காகிதம் நனைந்து கிழிந்தது, சாக்கட்டி அழிந்தது. "நீயே யோசி" என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஈர்க்குச்சிகளில் துணிக்கிழிசல் கட்டிக் கொண்டுவந்து நட்டாள். எத்தனை கரண்டி உப்போ அத்தனை முடிச்சு. அவள் வீட்டில் கிடந்த துணி சிவப்பு.

அந்த வாரம்தான் கூலி உயர்வு கேட்டு அறுவடை நின்றது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். காவலுக்கு வந்த போலீஸ் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே தங்கியது. புது ஆட்சி வந்தால் எல்லாம் மாறும் என்று ஓட்டுப் போட்ட தெரு அவளுடையது.

தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துப் பதறினார்.

"என்னம்மா இது, பள்ளிக்கூடமா, கட்சி ஆபீஸா?"

"உப்புக் கணக்கு சார். முடிச்சை எண்ணிப் பாருங்க."

"போலீஸ்காரன் முடிச்சையா எண்ணுவான்? எடுத்துடுங்க."

மாட்டேன் என்றேன். அவர் பியூனைக் கூப்பிட்டார். கொட்டாங்கச்சிகள் வாய்க்காலுக்குப் போயின. இரண்டு முடிச்சு போட்டதில் அன்று காலைதான் முளை வெள்ளையாக எட்டிப் பார்த்திருந்தது.

"தலைவி வர்றாங்க, எழுந்திரிங்கடி!" என்று மறுநாள் அவள் நுழைந்ததும் வகுப்பில் சிரித்தார்கள். அவள் தலைகுனிந்தபடி போய் உட்கார்ந்தாள்.

அறுவடை முடிந்தது. கேட்ட கூலி கிடைக்கவில்லை. என் பழைய புடவையின் பச்சைக் கரையைக் கிழித்து அவளிடம் நீட்டினேன்.

"மறுபடியும் போடுவோம்டி."

"வேணாம் டீச்சர். புக்குல இருக்கிற சோதனையையே எழுதிடுறேன். என்ன விடை வரணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். முத்து முத்தாக எழுதினாள். ஒரு பிழை இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.