மடி கரையேறும்போது வந்தவரின் பங்கு

எங்கள் அண்ணன் கற்பிட்டிக் கரையில், மீனவர் குடிசையான வாடி ஒன்றில் பிறந்தார். அப்பா கடலில் மறைந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு, கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிற்றைப் பிடித்தார். எங்களைப் படிப்பித்தார். பின்னாளில் சொந்தமாக வலை வாங்கிச் சம்மாட்டி ஆனார். அவர் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை.

சுவாமியார் வரமுடியாத ஞாயிறுகளில் கோயிலில் செபம் நடத்தும் பொறுப்பு அண்ணனுடையது. வேதாகம வாசகம் முடிந்ததும் அதை எங்கள் கரைக்கு ஏற்றபடி திருப்பிச் சொல்வார். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டுத் தலையாட்டியவர்கள் நாங்கள். காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே கூலி; காலையில் வந்தவர்கள் முறுமுறுப்பார்கள். கடவுள் நல்லவர், அவ்வளவுதான். எங்களில் எவரும் திராட்சைத் தோட்டத்தைக் கண்டதில்லை.

ஒரு ஞாயிறு அண்ணன் தோட்டத்தை எடுத்துவிட்டு வலையை வைத்தார். விடியமுன் வந்து கயிறு இழுத்தவர்களுக்கும், மீன் நிறைந்த வலையின் மடி கரையேறும்போது வந்து கை வைத்தவருக்கும் சம்மாட்டி ஒரே பங்கு கொடுத்தார் என்றார். கோயிலுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வெளியே வந்ததும், கயிறு இழுப்பவர்களில் மூத்தவரான பவுலு அவரை மறித்தார்.

"சம்மாட்டி, நாளையில இருந்து இதுதானோ சட்டம்?"

"நான் உவமைதானே சொன்னேன், பவுலு."

"உவமையோ? சூசையை மனசில வச்சுத்தானே சொன்னீங்க?"

சூசை கால் ஊனமுற்றவர். எந்த வலையிலும் அவரைச் சேர்ப்பதில்லை. கரையில் நின்று, மிஞ்சிய மீனை வாங்கிப் போவார். சூசையின் நினைவே தனக்கு வரவில்லை என்று அன்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். பவுலு கேட்டபோதுதான் தான் சொன்ன கதையை அவரும் உண்மையாகக் கேட்டார்.

மறுநாள் அண்ணனே சூசையைக் கூப்பிட்டார். மடி கரையேறும் நேரம் அவர் நொண்டி வந்து கயிற்றில் கை வைத்தார். முழுப் பங்கு கிடைத்தது.

"உங்கட பங்கில ஒண்டும் குறையேல்ல. என்ட பங்கில இருந்துதான் குடுக்கிறேன்" என்று அண்ணன் பவுலுவிடம் சொன்னார்.

"அதில்ல சம்மாட்டி. விடியமுந்தி வந்த நாங்களும் அவனும் ஒண்டோ?"

முந்திய நாள் வாசகத்தில் இருந்த முறுமுறுப்பே அது. பவுலுவுக்கும் அது தெரிந்தது. ஆயினும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வேறு வலைக்குப் போய்விட்டார். திறமான இருவரை இழந்த அண்ணன், அந்தப் பருவம் முழுவதும் தானே கயிற்றில் நின்றார். மீன் பிடிபாடு குறைந்தது. சூசைக்குக் கொடுக்கும் பங்கை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

அண்ணன் இன்று எங்களோடு இல்லை. நோயுற்ற நாட்களில் அவரைப் புத்தளம் ஆஸ்பத்திரி வரை ஏற்றிச் சென்ற அயலவர்களுக்கும், கவனித்த மருத்துவர், தாதியருக்கும், செபித்த சுவாமியாருக்கும், துக்கவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் தந்து உபசரித்த முஸ்லிம் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வலையை விட்டுப் போன இருவரும் சவப்பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

நல்லடக்கம் முடிந்து திரும்பும்போது பவுலு அண்ணியிடம் சொன்னார்: "அக்கா, சம்மாட்டிட அந்தக் கதையை நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. ஆனா மறக்கவும் ஏலாமக் கிடக்கு."