ரோஜரைச் சுகந்தி கொல்லவில்லை

செய்தி வந்தபோது நான் ஒரு பொமரேனியனைக் குளிப்பாட்டி ட்ரையர் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. அணைத்துவிட்டுப் பார்த்தால் பல்லடத்திலிருந்து சுகந்தியின் தம்பி மூன்று முறை கூப்பிட்டிருந்தார். "ஏனுங்க அக்கா, எங்க அக்கா போயிட்டாங்க. காலையில காபி போட எந்திரிச்சவங்க, அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க" என்றார். மாரடைப்பு. ஐம்பத்து மூன்று வயது. தம்பி வீட்டுக்கு இரண்டு நாள் போய்வருகிறேன் என்று கிளம்பியவள். பாதி ஈரத்தோடு இருந்த அந்த நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கையைக் கழுவுவதற்குள் நாய் வளர்ப்பவர்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலி ஆரம்பித்துவிட்டது. முதல் ஆள் யார்? அவரேதான். பம்ப் கம்பெனி வைத்திருக்கும் அவர். "நாய்களின் தாய் மறைந்தார்" என்று எழுதிக் கும்பிடும் கைகள் ஐந்து போட்டிருந்தார். பெயரை எழுத மாட்டேன். வடவள்ளிப் பக்கம் நாய் வளர்க்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் இதே குழுவில், இதே விரலால், "நாயைக் கொன்ற கடை" என்று எழுதியவர் அவர். நம் குழுவின் ஆண்டு மலருக்குச் சுகந்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எல்லாமே நல்ல வார்த்தையாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் அதற்கு முன் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாவு மில்லை ஒட்டிய ஒற்றை ஷட்டர்தான் எங்களுக்குக் கிடைத்தது. கறுப்பு லாப்ரடாரைப் பளபளவென்று குளிப்பாட்டி வெளியே அனுப்பினால், படி இறங்குவதற்குள் மாவு படிந்து வெள்ளையாகிவிடும். "பவுடர் போட்டு அனுப்பறோமுங்க, அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாமுங்க" என்பாள். கல்யாண வீட்டுப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை.

நாய்களுக்கும் அவள் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். "வாங்க, உக்காருங்க, கையக் குடுங்க, ஒரே ஒரு நகந்தானுங்க" என்று அவள் சொல்லச் சொல்லக் கடிக்கிற நாயும் காலை நீட்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "நாய்க்கும் எனக்கும் ஒரே மரியாதையா அம்மணி?" என்று முறைத்தார். சுகந்தி சிரிக்கவில்லை. "இவங்களுக்குப் பன்னெண்டு வயசுங்க. நம்ம கணக்குல எண்பதைத் தாண்டியாச்சு. உங்களுக்கு இன்னும் எழுவதே ஆகலீங்களே?" என்றாள். அந்தப் பெரியவர் அதன் பிறகு கடைசி வரை எங்கள் வாடிக்கையாளராக இருந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோப்புக்காரர் ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்தார். காது முழுக்க உண்ணி. மேலோட்டமாக மருந்து தெளித்து அனுப்பினால் போதும் என்றார். அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். காலையில் உட்கார்ந்தவள் மதியச் சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு நாய்கள் காத்திருக்கின்றன என்று நான் கத்தினேன். "இவங்க எத்தன நாளாக் காத்திருந்தாங்களோ" என்றாள், தலையைத் தூக்காமலே. அவளோடு தொழில் செய்வது அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாய் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, கூட வந்தவரிடம் கேட்பாள்: "இன்னைக்கு இவங்களுக்கு என்ன குடுத்தீங்க?" சாப்பாடு, மருந்து, பிஸ்கட், எதுவானாலும் சொல்லியாக வேண்டும். பலருக்கு இது எரிச்சல். "அது வாயத் தொறந்து சொல்லாதுங்க. நாமதான் கேக்கோணும்" என்பாள். உங்களில் பலரிடம் கேட்டிருக்கிறாள். நீங்களும் முகம் சுளித்திருப்பீர்கள்.

அன்றைக்கு அந்த மனிதரிடமும் கேட்டாள். அவர் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். போட்டோவில் நாயும் நிற்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ரோஜர் என்ற அந்தக் கோல்டன் ரெட்ரீவருக்குப் பதினோரு வயது, இதயம் பலவீனம், நகம் வெட்டினால் ஊரைக் கூட்டும். சுகந்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "ஒண்ணுமில்லீங்க."

ரோஜர் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. "ஏனுங்க, இன்னைக்கு இவ்வளவு சமத்தா இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சிக்கு எடுத்தாள். இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. மேசைமேல் நின்ற நாய் முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் ரோட்டில் ஓடியதை மாவு மில்லுக்கு வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். மருத்துவமனையில், எங்கள் இருவருக்கும் முன்னால், பின்னாலேயே வந்த அவரை டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். "தீபாவளிக்கு வெடிச் சத்தத்துக்குக் குடுத்த மயக்க மாத்திரை மிச்சம் இருந்துச்சுங்க டாக்டர். ரெண்டுதானுங்க போட்டேன். முரண்டு பண்ணுமேன்னு" என்றார். போன தீபாவளிக்கு டாக்டர் அரை மாத்திரை கொடுக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தார். ரோஜர் அப்போது போய்விட்டிருந்தது.

மறுநாள் வீடியோ வந்தது. ட்ரையர் சூட்டில் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று, எங்கள் ஷட்டருக்கு முன்னால் நின்று அவரே பேசினார். கடை திறந்த நாளிலிருந்து எங்களிடம் வந்தவர்கள்கூட அதை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். ஒருவர்கூட போன் செய்து என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வாயில்லாத ஜீவன் என்று உருகி உருகி எழுதினீர்களே, வாய் உள்ள ஒரு மனுஷியிடம் கேட்க உங்களுக்கு என்ன தடை?

டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய்ப் போலீசில் சொல்லலாம் என்று நான் குதித்தேன். சுகந்தி மறுத்துவிட்டாள். அந்த மனிதர் அவளிடம் தனியாக வந்து அழுதிருக்கிறார். ரோஜர் அவர் மகள் மடியில் வளர்ந்த நாய். தன் கையால்தான் செத்தது என்று மகளிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லையாம். "அந்தப் புள்ள கல்யாண நேரத்துல அப்பனை வெறுக்கோணுமா அம்மணி? கல்யாணம் முடியட்டும், நானே எல்லாருகிட்டயும் சொல்லிப்போடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காருங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேனுங்க. பொறுங்க" என்றாள். நான் பொறுத்தேன். தப்பு செய்தேன்.

கல்யாணம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பும் முடிந்தது. அவர் சொல்லவில்லை. மருதமலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள், "அந்த நாயக் கொன்னவங்கதானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முதல் கடைக்கு நடந்தே வந்தாள். ஒவ்வொரு காலையும் குழுவைத் திறந்து பார்ப்பாள். "இன்னைக்கு எழுதியிருக்காருங்களா?" என்று என்னிடமும் கேட்பாள். இரண்டு வருடம் கேட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை நல்லவளாக இருக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

அவர் மகள் இதைப் படிக்கலாம். படிக்கட்டும். வாக்குக் கொடுத்தவள் சுகந்தி, நான் இல்லை.

பூங்காவில் நீங்கள் நடத்திய இரங்கல் கூட்டத்தில் அவர் பேசியதையும் கேட்டேன். "தன்னலமற்ற சேவை" என்றார். கைதட்டினீர்கள். எழுந்து கத்தியிருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் அவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு புதுக் குட்டி, மூன்று மாதம் இருக்கும், அதே நிறம். "சுகந்தியம்மா இல்லாத குறை தெரியுதுங்க. பேத்திக்காக வாங்கினது. நீங்களே பாருங்க" என்றார். சுகந்தியின் கத்தரிக்கோலும் சீப்பும் பல்லடத்துக்குப் போய்விட்டன. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். வாசலில் நிறுத்திக் கேட்டேன். "இன்னைக்கு இவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் முகம் தொங்கிவிட்டது. "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நான் குனிந்து குட்டியை வாங்கிக்கொண்டேன். "வாங்க கண்ணு, உள்ள வாங்க" என்றேன். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர் ஒருவரிடம் பிறந்ததிலிருந்து நான் அப்படிப் பேசியதில்லை.

"நீ அங்கயே நில்லு. நடந்தத குழுவுல எழுதிப்போட்டு, அப்பறம் உள்ள வா."

குட்டியைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து முடித்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வந்தபோது அவர் மில் ஓரமாக, தலையிலும் சட்டையிலும் மாவு படிந்து, போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். குழுவைத் திறந்து பார்த்தேன். சுகந்தி இரண்டு வருடம் திறந்து பார்த்த மாதிரியே. ஒரு வரியும் இல்லை.

அதனால் நான் எழுதிவிட்டேன், சுகந்தி.