‘தப்பு என்னுதுங்க’ என்று சொன்ன ஷமீமா

செவ்வாய்க்கிழமை காலை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கிளினிக் வரவேற்பில் இருக்கும் கவிதா போன் செய்தாள். “அக்கா, நம்ம ஷமீமா மேடம் போயிட்டாங்கக்கா. மாரடைப்புங்களாம்.” நறுக்கியதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஷமீமா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். மூன்றாண்டுகளுக்கு முன், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன், பின்மண்டையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகும் என்றார்கள். வாரக்கணக்கில் ஓய்வெடுத்தும், தலையைத் திருப்பினால் தரை சாய்ந்தது. நூற்பாலையில் நூலின் தரம் பார்ப்பது என் வேலை. கண் ஓரிடத்தில் நிற்காமல் எப்படிப் போவது? இப்படிப்பட்ட தலைச்சுற்றலுக்குப் பயிற்சி தருகிறார் என்று கேள்விப்பட்டு ஷமீமாவிடம் போனேன்.

முதல் நாள் ‘அ’ என்று எழுதிய அட்டையை ஷமீமா என் முகத்துக்கு நேரே பிடித்தார். “எழுத்து அசையக்கூடாதுங்க்கா, தலை மட்டும் அசையோணும்.” பத்துத் தடவையில் குமட்டியது. ஒரு மாதத்தில் நிறுத்தாமல் முப்பது தடவை தலையைத் திருப்ப முடிந்தது. ஐந்தாவது வாரம், மெத்தென்ற பஞ்சுத் திண்டின் மேல் கண்ணை மூடி நிற்க வைத்தார். அன்று மாலையே தலைச்சுற்றல் முழுதாகத் திரும்பி வந்தது.

மூன்று நாள் ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். “ஸ்கேன் நல்லாருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. நீயா மனசுல நெனச்சுக்கற” என்றார் என் கணவர். கெட்ட மனிதரல்லர், கண்ணுக்குத் தெரியாத நோயை அவரால் நம்ப முடியவில்லை. நானே அவர் சொன்னதைப் பாதி நம்பிவிட்டேன். இனிப் போவதில்லை என்று கிளினிக்கில் சொல்லியும் விட்டேன்.

நான்காம் நாள் ஷமீமா வீட்டுக்கே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“தப்பு என்னுதுங்க்கா. நீங்க வெரசாத் தேறுறதப் பாத்து, ஒரு வாரம் முந்தியே கண்ண மூடச் சொல்லிப்போட்டேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு என் கணவரைப் பார்த்து, “ஏனுங்கண்ணா, நின்ன எடத்துலயே பத்துச் சுத்து சுத்துங்க பாக்கலாம்” என்றார். அவரும் சிரித்துக்கொண்டே சுற்றினார். நின்றதும் அவர் கையில் செய்தித்தாளைத் திணித்து, “இப்பப் படிங்க” என்றார். தலைப்பைக்கூடப் படிக்க முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு ஒரு நிமிசத்துல சரியாயிருமுங்க. அக்காளுக்கு நாள் பூரா இப்படித்தானுங்க.”

அன்றிலிருந்து அட்டையைப் பிடிக்கும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார்.

பத்துத் தடவையிலிருந்து மறுபடி தொடங்கினோம். பிறகும் இரண்டு முறை சறுக்கினேன். அதில் ஒன்று தாராபுரத்துக் கல்யாணத்தில், மேளச் சத்தத்தில். ஒவ்வொரு முறையும் “எத்தன நாள் படுத்தீங்க?” என்று மட்டும் கேட்பார். முதலில் மூன்று நாள், அடுத்து ஒன்றரை, கடைசியில் அரை நாள். “பாத்தீங்ளா, விழறது நிக்கலீங்க. ஆனா எந்திரிக்கறது வெரசாயிருச்சு” என்றார். ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன்.

செவ்வாய் மதியம் நானும் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் நிமிர்ந்து பார்த்து, “நீ ஆரு கண்ணு?” என்று கேட்டார்.

“தலையில அடிபட்டு அவங்ககிட்ட வந்தவளுங்கம்மா. இப்ப நல்லாயிட்டேனுங்க.”

அந்த அம்மா என் தலையை இரண்டு கைகளாலும் மெல்லப் பிடித்து, உச்சியில் முத்தமிட்டார். நெடுநேரம் கைகளை எடுக்கவில்லை.

ஷமீமா, உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை உங்கள் தாயாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நிம்மதியாக உறங்குங்கள்.